சர்க்கரை வந்தவர் கண்ணில் எந்தப் படம் எதைக் காட்டும்?

"கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி. ஆத்துக்கு அந்தாண்ட கரையில கொக்கு நிக்கிறதுகூடத் தெரியுது. அப்புறம் எதுக்கு இத்தனை மிஷினு?"

கொரடாச்சேரி பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். ஆடி மாதம், நாற்றங்கால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டி.வி.எஸ். ஐம்பதில் வந்திருந்தார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். சர்க்கரை டாக்டர் கொடுத்த சீட்டில் 'விழித்திரைப் பரிசோதனை' என்று மட்டும் எழுதியிருந்தது. நான் திருவாரூர் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் படம் எடுக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே வரிசையாக நிற்கும் கருவிகளைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் பயம். செலவைப் பற்றியும் கவலை. "சரி, இதுல எது நல்ல மிஷினு? அதுல மட்டும் எடுத்துடு" என்றார்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நாள் இல்லை. படித்தவர்களும் கேட்கிறார்கள். 'ஓ.சி.டி. எடுத்துவிட்டேன், அப்புறம் ஃபண்டஸ் ஃபோட்டோ எதற்கு' என்பார்கள். சிலர் 'ஆஞ்சியோதான் பெரிய டெஸ்ட்டாமே, அதையே எடுத்துவிடலாமா' என்பார்கள். ஃபண்டஸ் ஃபோட்டோ என்பது விழித்திரையை நேராக எடுக்கும் படம், ஓ.சி.டி. அதன் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன், ஆஞ்சியோ சாயம் ஏற்றி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம். பெரிய டெஸ்ட், சின்ன டெஸ்ட் என்று இங்கே எதுவும் இல்லை. ஒவ்வொரு கருவியும் கண்ணிடம் ஒரு கேள்வி கேட்கிறது, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அதைப் புரிந்துகொண்டால், கையில் இருக்கும் ரிப்போர்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் எல்லோரும் 'கண் நரம்பு' என்று சொல்வது பெரும்பாலும் விழித்திரையைத்தான். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு அது. தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதைப் படமெடுத்தால் செம்மஞ்சளாக ஒரு தரை தெரியும். மூக்குப் பக்கமாக வெளிர்மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கும். மூளைக்குப் போகும் நரம்பு அங்கேதான் கண்ணை விட்டு வெளியேறுகிறது, ரத்தக்குழாயும் அங்கேதான் கண்ணுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் மேலும் கீழுமாகப் பிரிந்து, பிரிந்ததிலிருந்து இன்னும் பிரிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத இழைகளாகப் பரவுகிறது. முதன்முதலில் இந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்புதான் ஞாபகம் வந்தது. வெண்ணாற்றில் வந்த தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அப்புறம் கிளை வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று இறங்கி வயலுக்குப் போய்ச் சேர்வது போலத்தான் கண்ணிலும் நடக்கிறது. டெல்டாவில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. கண்ணிலும் ரத்தம் கொண்டுவரும் குழாய் வேறு, திருப்பி எடுத்துப் போகும் குழாய் வேறு. படத்தில் மெலிந்து வெளிறி ஓடுவது பாசனம், பருத்துக் கறுத்து ஓடுவது வடிகால்.

சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் முதலில் கெடுவது இந்தக் கண்ணி வாய்க்கால்களின் கரைதான். நுண்குழாயின் சுவர் பலம் இழந்து அங்கங்கே புடைத்துக்கொள்ளும். படத்தில் அது குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அப்புறம் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு. ரத்தத்தோடு கசிந்த கொழுப்பு, தண்ணீர் வற்றியபின் மஞ்சள் துணுக்குகளாகப் படிந்துவிடும். சில இடங்களில் குழாய் முழுதாக அடைத்துக்கொள்ளும். அப்போது என்ன ஆகும்? கடைமடைக்கு ரத்தம் போகாது. பட்டினி கிடக்கும் அந்தப் பகுதி 'எனக்கு ரத்தம் வேண்டும்' என்று ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதைக் கேட்டுப் புதுக் குழாய்கள் முளைக்கும். முளைப்பதெல்லாம் நோஞ்சான் குழாய்கள். அவை விழித்திரையை விட்டு, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழுக்குள் ஏறிப் படரும். ஒரு நாள் உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். காலப்போக்கில் தழும்பாக இறுகி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இதோடு சேர்ந்தோ தனியாகவோ இன்னொரு கேடும் வரும். விழித்திரையின் நடுவில், நாம் எழுத்துப் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் பயன்படுத்தும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது. மாக்குலா என்பார்கள். பக்கத்துக் குழாய்கள் கசிந்தால் அந்த இடம் நீர் கோத்து வீங்கும். வயல் ஓதமாகிப் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்குவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த வீக்கம்தான்.

பெரியவரின் கொக்குக்கு இங்கே பதில் இருக்கிறது. கொக்கைப் பார்ப்பது நடு இடம். அது காய்ந்து சுத்தமாக இருக்கும்வரை பார்வையில் ஒரு குறையும் தெரியாது. சுற்றிலும் கசிவும் அடைப்பும் புதுக் குழாய் முளைப்புமாக இருந்தாலும், சுவரில் மாட்டிய பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார்கள். வலி இருக்காது, சிவக்காது, உறுத்தாது. நன்றாகத் தெரிகிறது என்பதால் கண் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த நோயில் இருக்கும் பெரிய ஆபத்து.

இது எத்தனை பேருக்கான விஷயம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர் என்று அதே ஆய்வு சொல்கிறது. 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய 8 பேரில் ஒருவருக்கு விழித்திரை பாதித்திருப்பதாக 2022-ல் வந்த இன்னொரு தேசிய ஆய்வு காட்டியது. இத்தனை பேரையும் உட்கார வைத்துப் பார்க்கிற அளவுக்கு விழித்திரை மருத்துவர்கள் நம்மிடம் கிடையாது. படமெடுக்கும் கருவிகளின் அருமை இங்கேதான் தெரியும்.

படமே இல்லாமல் மருத்துவர் நேரடியாகப் பார்ப்பதும் ஒரு முறை. அதுதான் மூத்த முறையும்கூட. 1851-ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கருவியை வெளியிடும்வரை, உயிரோடு இருக்கும் மனிதனின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் வழியே மருத்துவத்தில் இல்லை எனலாம். இன்று மருத்துவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, 'மேலே பாருங்க, கீழே பாருங்க, காதுப் பக்கம் பாருங்க' என்று சொல்லிப் பார்ப்பது அதன் வாரிசுதான். சொட்டு மருந்து போட்டு, கருவிழி நடுவில் இருக்கும் துவாரமான கண் பாப்பாவை விரித்துவிட்டால், கண்ணின் ஓரம் வரைக்கும் இப்படிப் பார்க்கலாம். அனுபவமுள்ள விழித்திரை மருத்துவரின் கண்ணுக்கு ஈடு இணை கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பார்த்தது அவர் மனதிலும் அவர் எழுதிய நாலு வரியிலும்தான் இருக்கும். அடுத்த வருஷம் வேறொரு மருத்துவர் பார்த்தால், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் புள்ளி கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியாது. குண்டூசி முனைப் புள்ளிகள் அவசரத்தில் தப்பிப் போவதும் உண்டு.

அங்கேதான் ஃபண்டஸ் கேமரா வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். நான் குமிழைத் திருகி நேர் செய்வேன். 'இப்ப சிமிட்டாதீங்க' என்றதும் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். அவ்வளவுதான், விழித்திரை திரையில் வந்துவிடும். சாதாரண ஃபண்டஸ் கேமரா ஒரு படத்தில் 45 டிகிரி பரப்பைக் காட்டும். நரம்பு வட்டமும் மாக்குலாவும் அதில் அடங்கிவிடும். மொத்த விழித்திரையில் அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இவ்வளவு குறைவாகத் தெரிந்தால் போதுமா என்று தோன்றும். ஆனால் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தன் முதல் தடயங்களை விடுவது இந்த நடுப்பகுதியில்தான். அதனால்தான் மாக்குலாவை நடுவில் வைத்து ஒரு படம், நரம்பு வட்டத்தை நடுவில் வைத்து ஒரு படம் என்று கண்ணுக்கு இரண்டே படம் எடுத்து, ஒரு நாடே தன் சர்க்கரை நோயாளிகளைச் சலித்தெடுக்க முடிந்திருக்கிறது. பிரிட்டனில் அப்படித்தான் செய்கிறார்கள். வேலை செய்யும் வயதுக்காரர்கள் பார்வை இழப்பதற்கு அங்கே பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்தது சர்க்கரைதான். இப்போது அந்த இடத்தில் அது இல்லை என்று 2014-ல் அங்கே ஓர் ஆய்வு வெளிவந்தது. படமெடுத்துச் சலிக்கும் அந்தத் திட்டமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்று அதை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கென்று இன்னும் கறாரான முறை ஒன்று இருக்கிறது. 30 டிகிரிப் படங்களாக ஏழு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரட்டைப் படமாக எடுத்து, ஆழம் தெரியும்படி வைத்துப் பார்ப்பது. அமெரிக்காவில் நடந்த பெரிய சிகிச்சை ஆய்வுகள் இந்த ஏழு இடப் படங்களை வைத்துத்தான் நோயின் படிநிலைகளை வகுத்தன. பல வருஷங்களுக்கு மற்ற முறைகளை ஒப்பிட்டு அளந்ததும் இதை வைத்துத்தான். தினப்படி வேலைக்கு இது ஒத்துவராது. ஒரு ஆளுக்கே அரை மணி நேரம் போய்விடும்.

கேமராப் படத்தில் சின்ன உபாயம் ஒன்று உண்டு. அதை யாரிடமாவது காட்டும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதே படத்தைப் பச்சை வெளிச்சத்தில் மட்டும் பார்ப்பது. ரத்தம் பச்சை ஒளியை விழுங்கிவிடும், அதனால் குழாய்களும் கசிந்த புள்ளிகளும் கரிக்கோடு போட்டது போலக் கறுப்பாக எழும். வண்ணப் படத்தில் 'ஒன்றும் இல்லையே' என்று தோன்றிய இடத்தில், பச்சையில் ஏழெட்டுப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும்.

சொட்டு மருந்து போடாமலேயே எடுக்கும் கேமராக்களும் இருக்கின்றன. அறையை இருட்டாக்கினால் பாப்பா தானாக விரியும், அந்த நேரத்தில் எடுத்துவிடலாம். ஆனால் வயதாக ஆக, சர்க்கரை கூடக் கூட, பாப்பா சரியாக விரியாது. போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள், எழுபது வயதிருக்கும். மூன்று தடவை எடுத்தும் படம் பனிமூட்டத்துக்குள் தெரியும் தெரு மாதிரி மங்கலாகத்தான் வந்தது. புரை முற்றியிருந்தது. இப்படி வந்த படத்தை 'கோளாறு எதுவும் தெரியவில்லை' என்று எழுதி அனுப்புவது பெரிய தப்பு. 'படம் தெளிவில்லை, மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்' என்றுதான் எழுத வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் படம் மங்கலாக இருந்தால், தயங்காமல் கேளுங்கள்.

சொட்டு மருந்து போட வேண்டியிருந்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெயில் கண்ணைக் கூசும். வண்டி ஓட்டக் கூடாது. இதற்காகவே பலர் சொட்டு வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறார்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் வாருங்கள்.

இப்போது ஃபண்டஸ் கேமரா கைபேசியோடும் சேர்ந்துவிட்டது. பெங்களூரில் உருவான ஒரு கருவி, கைபேசிக் கேமராவையே ஃபண்டஸ் கேமராவாக மாற்றுகிறது. சென்னையில் நடந்த ஆய்வுகளில், பாதித்த கண்ணைப் பிரித்துக் காட்டுவதில் அது பெரிய கேமராவுக்கு நெருங்கி வந்தது. படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லும் முறையும் வந்திருக்கிறது. கூகுள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்குக் கணினியைப் பழக்கிய படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இருந்தன என்பது நமக்குப் பெருமை. 2018-ல் அமெரிக்க அரசு, மருத்துவர் பார்க்காமல் கணினி மட்டுமே முடிவு சொல்லும் கருவி ஒன்றுக்கு இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தது. இவையெல்லாம் சலித்தெடுக்கும் வேலைக்கு. 'இவர் மருத்துவரிடம் போக வேண்டும், இவர் அடுத்த வருஷம் வரலாம்' என்று பிரிக்கும். மருத்துவரை இவை நீக்கிவிடாது. என் கருத்தில், கடற்கரையோரம் வேதாரண்யம், கோடியக்கரை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கைபேசிக் கேமரா வேறெதையும்விடப் பெரிய காரியம் செய்யும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கண் படமும் அதே வாசலில் எடுக்கும் காலம் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஃபண்டஸ் ஃபோட்டோ எதைக் காட்டாது? ஆழத்தைக் காட்டாது. மேலே நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் தெரியும், கீழே எவ்வளவு தண்ணீர் ஊறி நிற்கிறது என்று தெரியாது. மஞ்சள் துணுக்குகள் மாக்குலா பக்கத்தில் இருந்தால் அங்கே வீக்கம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஓ.சி.டி. நிலத்தில் போர் போடும்போது மேலே வண்டல், கீழே களி, அதற்கும் கீழே மணல் என்று அடுக்கு அடுக்காக வரும் அல்லவா? விழித்திரையை வெட்டாமலே அந்த அடுக்குகளைக் காட்டுகிறது இந்தக் கருவி. கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பி வரும் ஒளியை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். வயிற்று ஸ்கேன் ஒலியால் செய்வதை இது ஒளியால் செய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் ஆய்வகத்தில் டேவிட் ஹுவாங் முதலானோர் இதை உருவாக்கி 1991-ல் வெளியிட்டார்கள். இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய இருநூறாகப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமானவை. ஊசி கிடையாது, தொடுவது கிடையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். நல்ல மாக்குலா நடுவில் சின்னப் பள்ளத்தோடு இருக்கும். நீர் கோத்திருந்தால் பள்ளம் மறைந்து மேடாகி, உள்ளே கறுப்புக் கறுப்பாக நீர்ப் பைகள் தெரியும். தடிமன் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எண்ணாகவும் வரும். வீக்கம் வற்றக் கண்ணுக்குள் மருந்து ஊசி போட்டால் அடுத்த மாதம் எடுக்கும் ஓ.சி.டி.யில் அந்த எண் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் சிகிச்சையைத் தொடர்கிறார்கள். மாக்குலா வீக்கத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கருவி இன்று இல்லை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை என் குடும்பத்திலேயே பார்த்தேன்.

என் சித்தப்பா மன்னார்குடிக்காரர். பதினைந்து வருஷச் சர்க்கரை. நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். வெளியூரில் ஓர் இடத்தில் 'கண் ஸ்கேன்' எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணிலும் மாக்குலா நார்மல் என்று எழுதியிருந்தது. அங்கே யாரும் சொட்டுப் போட்டுப் பார்க்கவில்லை, ஃபோட்டோவும் எடுக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ரிப்போர்ட்டைப் பார்த்த எனக்கும் நிம்மதிதான். எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், 'இடது கண்ணில் மை கொட்டின மாதிரி நூல் நூலாக ஓடுது' என்றார். மதியத்துக்குள் அந்தக் கண்ணில் கை அசைவதுதான் தெரிந்தது. ஓரத்தில் முளைத்திருந்த புதுக் குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. வழக்கமான ஓ.சி.டி. பார்ப்பது நடுவில் 6 மில்லிமீட்டர் சதுரம் மட்டும். அந்தச் சதுரம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வெளியே என்ன நடக்கிறது என்று அந்தக் கருவியிடம் யாரும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து லேசர் வைத்தபின் பார்வை ஓரளவு திரும்பியது. பேப்பர் படிக்க இன்றைக்கும் வலது கண்தான்.

ரத்தம் நிறைந்த கண்ணில் எந்தக் கேமராவும் உள்ளே பார்க்க முடியாது. அப்போது மூடிய இமைமேல் வைத்து எடுக்கும் ஒலி ஸ்கேன்தான் துணை. விழித்திரை பிய்ந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். சித்தப்பாவுக்கு முதலில் எடுத்தது அதுதான்.

இனி ஆஞ்சியோ. இதயத்துக்குச் செய்யும் ஆஞ்சியோ இல்லை இது, குழாய் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். கை நரம்பில் ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஊசி வழியாக ஏற்றி, நீல வெளிச்சத்தில் வரிசையாகப் படம் எடுப்பார்கள். 1961-ல் இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் அமெரிக்காவின் இந்தியானாவில் இருந்த ஹரால்ட் நோவாட்னி, டேவிட் ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். முதல் படத்தைத் தங்களில் ஒருவர் கண்ணிலேயே எடுத்துப் பார்த்தார்கள்.

மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது, 'தலைப்புக்கு வந்துடுச்சா, நம்ம வாய்க்காலுக்கு வந்துடுச்சா' என்று கரையில் நின்று பார்ப்போமே, அப்படித்தான் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து நொடியில் சாயம் கண்ணுக்கு வரும். முதலில் பாசனக் குழாய் ஒளிரும், பிறகு நுண்குழாய்கள், அப்புறம் வடிகால். எங்கே சாயம் போகாமல் இருட்டாகவே கிடக்கிறதோ அங்கே அடைப்பு. எங்கே நேரம் ஆக ஆக வெளிச்சம் கரையை மீறிப் பரவுகிறதோ அங்கே கசிவு. புதுக் குழாய்கள் இருந்தால் ஒளித்து வைக்கவே முடியாது, சாயத்தைக் கக்கிக்கொண்டு பளீரென்று தெரியும். கசிவு ஓடுவதை நேராகக் காட்டுவது இந்தப் படம் ஒன்றுதான்.

ஆனால் சாயத்தை உடம்பில் ஏற்ற வேண்டியிருப்பதால் இதை எல்லோருக்கும் செய்வதில்லை. ஊசி போட்டதும் சிலருக்குக் குமட்டும், வாந்தி வரும். மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், அதனால் அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்வார்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், கர்ப்பமாக இருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தோல் மஞ்சளடிக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் காமாலை என்று பயந்து ராத்திரி போன் செய்வார்கள். யாருக்காவது முதல் பரிசோதனையே ஆஞ்சியோ என்று சொன்னால், 'எதைத் தெரிந்துகொள்ள' என்று மரியாதையாகக் கேட்பது நல்லது.

சாயம் இல்லாமலே குழாய்களைக் காட்டும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம் பத்து வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, எது அசைகிறது என்று பார்க்கும். விழித்திரையில் அசைவது ரத்த அணுக்கள்தான், அதனால் அசைவை வரைந்தால் குழாய்களின் படம் வந்துவிடும். அடைப்பை அழகாகக் காட்டும். கசிவைக் காட்டாது. நோயாளி கண்ணை லேசாக அசைத்தாலும் படம் கோடு கோடாகச் சிதறும்.

கடைசியாக அகலப் படம். ஸ்காட்லாந்தில் டக்ளஸ் ஆண்டர்சன் என்ற தகப்பனாரின் ஐந்து வயதுப் பையனுக்கு விழித்திரை பிய்ந்தது நேரத்தில் தெரியாமல் ஒரு கண் பார்வை போனது. குழந்தையைக் கஷ்டப்படுத்தாமல் கண்ணின் ஓரம் வரை ஒரே படத்தில் பார்க்க வேண்டும் என்ற தவிப்பில் அவர் உருவாக்கியதுதான் ஆப்டோஸ் கருவி. 45 டிகிரிக்குப் பதில் 200 டிகிரி, விழித்திரையில் 80 சதவீதத்துக்கு மேல். கடைமடை முழுக்க ஒரே பார்வையில். பல நேரம் சொட்டுகூட வேண்டாம். சித்தப்பாவின் வலது கண்ணை இதில் எடுத்தபோது, ஓரத்தில் இன்னொரு புதுக் குழாய்க் கொத்து இருந்தது. லேசர் வைத்து அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள். இதிலும் குறை உண்டு. சிவப்பு, பச்சை லேசர் ஒளிகளால் எடுப்பதால் நிறம் நிஜ நிறமாக இருக்காது. மேலும் கீழும் இமை மயிர் குறுக்கே விழும். விலை மிக அதிகம், டெல்டாவின் சின்ன ஊர்களில் இதைப் பார்ப்பது அபூர்வம்.

இத்தனையும் தெரிந்தபின், பெரியவருக்கு என்ன சொல்வது? கண்ணில் குறை தெரியாத சர்க்கரைக்காரர் யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை தெளிவான ஃபண்டஸ் ஃபோட்டோ, அல்லது சொட்டுப் போட்டு மருத்துவர் பார்ப்பது. நடுவயதில் வரும் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த அன்றே முதல் படத்தை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சர்க்கரை எப்போது உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. சிறு வயதிலேயே இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குள் முதல் படம். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்தாக வேண்டும், கர்ப்ப காலத்தில் நோய் வேகமாக ஏறலாம். நடுப் பார்வை மங்கினாலோ, மாக்குலா பக்கம் மஞ்சள் துணுக்கு தெரிந்தாலோ ஓ.சி.டி. எடுக்க வேண்டும். லேசர் வைக்கும் முன் எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்று சந்தேகம் வந்தால் ஆஞ்சியோ. நோய் முற்றிய கண்ணுக்கு, வசதி இருந்தால், அகலப் படம். மருத்துவர் எந்தப் படம் கேட்டாலும் அதன் பிரதியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு தெரியும்.

கொரடாச்சேரி பெரியவருக்கு ஃபோட்டோ எடுத்தோம். இடது கண்ணில் பத்துப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள், மாக்குலாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணுக்கு நாலு. அதனால் ஓ.சி.டி.யும் எடுக்க வேண்டியதாயிற்று. நடுப் பள்ளம் பள்ளமாகவே இருந்தது, வீக்கம் இல்லை. மருத்துவர் சொட்டுப் போட்டு ஓரம் வரை பார்த்துவிட்டு, லேசர் இப்போது வேண்டாம், சர்க்கரையையும் பிரஷரையும் இறக்க வேண்டும், ஆறு மாதத்தில் திரும்ப வரவேண்டும் என்றார்.

"ஆறு மாசம்னா தை. சம்பா அறுப்பு நேரம் தம்பி. மாசியில வரட்டுமா?"

"மார்கழிக் கடைசியில வந்துடுங்கய்யா. அறுப்புக்கு முன்னாடி" என்று சொல்லி, சீட்டில் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வண்டியை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, திரையில் இருந்த தன் கண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் நீட்டினார்.